மணிக்குக் காது கேட்காது

வடலூரில் என் அக்கா வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ராஜபாளையம். தலை முதல் வால் வரை வெள்ளை. பெயர் மணி. தீபாவளியன்று தெருவே அதிரும்போது இது பாட்டுக்குத் திண்ணையில் படுத்துத் தூங்கும். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்குக் காது கேட்காது.

மாமா நெய்வேலியில் எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். 1962-ல் ரஷ்யர்கள் உதவியோடு ஓடத் தொடங்கி, 2020-ல் மூடப்பட்டதே அந்த முதல் அனல் மின் நிலையம், அதில்தான் பாதி ஆயுள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வீடு கட்டினார். கட்டிய கையோடு, ‘வளர்த்தா நம்ம ஊரு நாய்தான்’ என்று குட்டியை வாங்கி வந்துவிட்டார். 2005-ல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது, அதில் இடம்பிடித்த நாலு ஜாதிகளில் ராஜபாளையமும் ஒன்று. மாமாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

மூன்று மாதம் வரை, ‘திமிர் பிடிச்ச குட்டி, கூப்பிட்டா வராது’ என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் கால்நடை டாக்டர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டைக் கீழே போட்டார். அக்கா திடுக்கிட்டாள். மணி தன் வாலை முகர்ந்துகொண்டிருந்தது.

முழு வெள்ளை நாய்களுக்கு இந்த ஆபத்து உண்டாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள் உட்காதுக்குள்ளும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே செவித்திறன் போய்விடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். நாம் அழகு என்று காசு கொடுத்து வாங்குகிற வெள்ளைக்கு, அது கொடுக்கும் விலை காது!

வீட்டுக்குள் இதனால் பிரச்னை இல்லை. வடலூர் நாலுமுனைச் சந்திப்பைப் பார்த்திருப்பீர்கள். கடலூர் - விருத்தாசலம் ரோடும், கும்பகோணம் ரோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். பஸ்ஸும் லாரியும் ஓயாது. அக்கா வீடு அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. ஒருநாள் பால்காரர் கேட்டைச் சாத்த மறக்க, மணி பாய்ந்தது. பின்னாலேயே அக்கா. முட்டிவலிக்காரி, செருப்பு கூட இல்லாமல், ‘மணி... மணி...’ என்று மெயின் ரோட்டில் ஓடியிருக்கிறாள். ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. நாய்க்காக அல்ல, அக்காவுக்காக!

மாமா போனில் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. அன்று ராத்திரியே இன்டர்நெட்டில் தேடி ஒரு எலெக்ட்ரானிக் காலரை ஆர்டர் செய்தேன். ஆமாம், நான்தான்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் வேட்டை நாய்களுக்காக வந்த சமாச்சாரம் இது. கழுத்துப் பட்டையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் தோலைத் தொடுகிற மாதிரி இரண்டு உலோக முனைகள். உங்கள் கையில் ரிமோட். அதில் மூன்று பட்டன்கள். ஒன்று ‘பீப்’ சத்தம், மணிக்கு உபயோகமில்லை. இன்னொன்று செல்போன் மாதிரி அதிர்வு. மூன்றாவது ஷாக்.

அடுத்த ஞாயிறு வடலூர் போனேன். மாமா ஷாக்கைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். “சுருக்குங்குது, அவ்ளோதான். கரண்ட்டைப் பத்தி எனக்கே சொல்றியா மாப்ள?” நானும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மணி கழுத்தில் மாட்டினோம். ரிமோட் என் கையில். மணி கேட்டை நோக்கி நடந்தது. சரியாகத் தாண்டும் சமயம் அமுக்கினேன். பட்டையை மாட்டும்போது ரிமோட்டின் அளவு கூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மணி போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. ஓடிப்போய் மாடிப்படிக்கு அடியில் புகுந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து, கையில் சோற்றுத் தட்டோடு கேட் அருகே நின்றுகொண்டிருந்தாள் அக்கா.

விபரீதம் மறுநாள்தான் புரிந்தது. மணி கேட்டுக்குப் பயப்படவில்லை. அக்காவுக்குப் பயந்தது! தட்டோடு அவள் வந்தாலே ஒண்டிக்கொண்டது. யோசித்தால் நியாயம்தான். வலி ரிமோட்டிலிருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? வலித்த நொடியில் கண்ணெதிரே யார் இருந்தாரோ, அவர்தான் குற்றவாளி. நானும் மாமாவும் கையில் வைத்துப் பார்த்தபோது, எப்போது வரும், ஏன் வருகிறது, எப்போது நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மூன்றும் தெரியாத ஷாக் வேறு ஷாக்.

அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967-ல் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். என்ன செய்தாலும் தப்பிக்க முடியாதபடி சில நாய்களுக்கு ஷாக் கொடுத்தார்கள். பிறகு அவற்றை, ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்கிற கூண்டில் விட்டார்கள். பெரும்பாலானவை தாண்டவே இல்லை. முனகிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டன. ‘நம்மால் ஒன்றும் ஆகாது’ என்பதையும் ஒரு பாடமாகக் கற்றுக்கொண்டுவிட்டன. 2010-ல் வேல்ஸ் நாடு ஷாக் காலருக்குத் தடையே போட்டது.

அக்கா என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். “1867-ல வள்ளலார் மூட்டின அடுப்பு தருமசாலைல இன்னும் அணையாம எரியுதுடா தம்பி. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, வாயில்லாத ஜீவனுக்குச் சோத்துத் தட்டைப் பார்த்தா பயம் வர்ற மாதிரி பண்ணிட்டோமே” என்றாள். ‘பண்ணிட்டியே’ என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

நிற்க. காலரைத் தூக்கிப் போட்டுவிட்டோமா என்றால், இல்லை. ரோடு அங்கேயேதான் இருக்கிறது. மணிக்குக் காதும் வரப்போவதில்லை. அந்தப் பெட்டியிலேயே இரண்டாவது பட்டன் இருந்ததே, அதிர்வு! செவிட்டு நாய்களைப் பழக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆர்டர் செய்வதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

மாமா ஷாக் பட்டன் மேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றினார். உலோக முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டார். முதல் பத்து நாள் காலரை ஆன் செய்யவே இல்லை. சாப்பாட்டு நேரத்திலும் வாக்கிங் நேரத்திலும் மட்டும் மாட்டி, பிறகு கழற்றிவிடுவார். நாள் முழுக்கக் கிடந்தால் கழுத்து புண்ணாகும். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே, மணி சும்மா இருக்கும்போது, மிகக் குறைந்த அதிர்வு ஒன்று. உடனே வாயில் ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. (சைவ வீடு. விசேஷ நாளில் பன்னீர்.) ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. அதிர்வு, கிழங்கு. அதிர்வு, கிழங்கு. மணி பயந்து ஒடுங்கினால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கழுத்து அதிர்ந்ததும் மணி தானாகத் திரும்பி மாமா முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான் வேண்டும். அதிர்வுக்கு அர்த்தம் ‘தப்பு’ அல்ல, ‘இங்கே பார்’. பார்த்த பிறகு கையை நெஞ்சில் வைத்தால் ‘வா’. கட்டை விரலைத் தூக்கினால் ‘சபாஷ்’. வாசலில், பிறகு நீளக் கயிற்றில் மைதானத்தில், பிறகு மற்ற நாய்கள் நடுவில் என்று படிப்படியாகப் போனார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டரி தீரும், சிக்னல் போகும், பூனையைக் கண்டால் எந்த நாயும் எதையும் மறக்கும். காலர் கேட்டுக்கு மாற்று இல்லை. இப்போது அக்கா வீட்டு கேட்டில் தானாகச் சாத்திக்கொள்கிற ஸ்பிரிங் போட்டிருக்கிறது. அது காலரை விட மலிவு.

நான் பி.காம். படித்தவன். கடையைக் கைமாற்றும்போது ‘குட்வில்’ என்று ஒன்றுக்கு விலை போடுவார்கள் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சொத்து. மணியிடம் அக்காவுக்கு இருந்த அந்தச் சொத்தை, ஒரே பட்டனில் நான் எழுதித் தள்ளிவிட்டேன். அக்கா தட்டை மாற்றிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். மணி அவள் கையிலிருந்து திரும்பச் சாப்பிட மூன்று மாதம் ஆனது.

போன தைப்பூசத்துக்குப் போயிருந்தேன். ஞானசபையில் ஏழு திரை விலக்கும் ஜோதி தரிசனம் முடிந்து வீடு திரும்பினோம். மணி தோட்டத்துக் கோடியில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தது. மாமா ரிமோட்டை எடுத்து, “டேய் மணி, வாடா!” என்று கத்திக்கொண்டே பட்டனை அமுக்கினார். மணி திரும்பியது. ஓடி வந்தது.

“அதுக்குத்தான் காது கேக்காதே, எதுக்கு மாமா கத்துறீங்க?” என்றேன்.

“தெரியும் மாப்ள. ஆனா, திரும்பி என் மூஞ்சியைத்தானே பார்க்குது? வாயை மூடிக்கிட்டு எப்படிக் கூப்பிடுறது?”