தண்ணீருக்குத் தீனி

பவளம் என்ன சாப்பிடும் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று பதில் சொல்வேன்: வெளிச்சம், இரை, தண்ணீர். முதல் இரண்டும் சட்டென்று புரிந்துவிடும். மூன்றாவதைக் கேட்டதும் சிரிப்பார்கள். தண்ணீரில் கிடக்கும் பிராணிக்குத் தண்ணீரே சாப்பாடா என்பார்கள். ஆனால் வீட்டில் பவளம் வளர்ப்பவனின் வேலையில் பெரும்பகுதி அந்த மூன்றாவது பதிலுக்குள்தான் இருக்கிறது. பிராணிக்குத் தீனி போடுவது கொஞ்சம். தண்ணீருக்குத் தீனி போடுவதுதான் அதிகம்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை வீட்டில் பிறந்து, பொறியியல் படித்து, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். சிங்கப்பூரில் வேலை பார்த்த வருடங்களில்தான் கடலை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் உரிய அனுமதிச் சீட்டுகளோடு இறக்குமதியான, விரல் நீளப் பவளத் துண்டுகள். கல் பவளங்கள் எல்லாமே சைட்டிஸ் என்ற உலக வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. ஒரு வாய், அதைச் சுற்றிக் கொடுக்குகள், அவ்வளவுதான் ஒவ்வொரு பிராணியும். ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும். அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் பாசி வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறது. இரவில் பவளம் கொடுக்குகளை விரித்து மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்கிறது. 1928-29இல் மாரிஸ் யங் தலைமையில் ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டுக்குப் போன குழு ஒரு வருடம் லோ தீவுகளில் தங்கி இதையெல்லாம் சோதித்துப் பார்த்தது. பவளம் தாவர உணவைச் சீந்தவில்லை, விலங்கு இரையை மட்டுமே எடுத்துக்கொண்டது என்று யங் எழுதினார். வாடகைக்குப் பாசியை வைத்துக்கொண்டிருக்கும் அசைவப் பிராணி என்று சொல்லலாம்.

ஆகவே வெளிச்சத்துக்கு நீலம் தூக்கலான விளக்கு. இரைக்கு வாரம் இரண்டு முறை, விளக்கு அணைந்த பிறகு, நீரோட்ட பம்ப்பைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, உறைந்த குட்டி இறால்களைக் கரைத்துப் பிப்பெட்டால் வாயருகே விட வேண்டும். கொடுக்குகள் மெல்ல மடங்கி இரையை உள்ளே இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த ஆசைக்குத்தான் அணை போட வேண்டும். தின்னாமல் மிஞ்சியது அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகும். பாஸ்பேட் கூடினால் கண்ணாடியெல்லாம் வேண்டாத பாசி படரும், பவளத்தின் எலும்புக் கட்டுமானமும் தடைபடும். அதற்காகச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டாலும் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும்.

எலும்பின் கதை வேறு. பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கால்சியம் கார்பனேட்டாகக் கட்டிக்கொண்டே போகிறது. வெளிச்சம் இருக்கும்போது இந்தக் கட்டுமானம் வேகமெடுக்கிறது என்பதை 1959இல் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு காட்டினார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கார்பனேட் பக்கத்தைக் காரத்தன்மை என்ற அளவால் பார்க்கிறோம். கடலில் அது ஏறக்குறைய ஏழு ஜெர்மன் டிகிரி. கடல் பெரிது, எடுக்க எடுக்கக் குறையாது. இருநூறு லிட்டரில் அப்படியில்லை. சோதனைக் குப்பியில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, நீலம் மஞ்சளாகும் வரை சொட்டுகளை எண்ணினால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த வித்தியாசம்தான் பவளம் சாப்பிட்ட சாப்பாடு. தட்டில் வைத்ததைப் பார்த்து அல்ல, தட்டில் குறைந்ததைப் பார்த்துப் பரிமாறும் விருந்து இது.

இதில் ஒரு கணக்கு மாறாமல் நிற்கும். காரத்தன்மை 2.8 டிகிரி குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறைந்திருக்கும். ஒன்றை அளந்தாலே மற்றதைச் சொல்லிவிடலாம். தொட்டி நன்றாக வளர்ந்துவிட்ட காலத்தில் ஒரு நாளைக்கு 1.4 டிகிரி குறைந்துகொண்டிருந்தது. அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம். இருநூறு லிட்டருக்கு இரண்டு கிராம்.

அந்தச் சமயத்தில் அப்பா ஒரு மாதம் வந்து தங்கியிருந்தார். தினமும் காலையில் நான் சொட்டு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் கேட்டார்.

"இதுக்கு என்ன தீனி கண்ணு போடறே?"

"சுண்ணாம்புதானுங்கப்பா. ஒரு நாளைக்கு ரெண்டு கிராம் கால்சியம்."

அப்பா ஒரு கணம் யோசித்தார். "ரெண்டு கிராமுன்னா ஒரு முட்டை ஓடு. அப்ப இத்தனையும் சேர்ந்து ஒரு கோழி."

அவர் கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் உண்டு என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஓடும் பவளத்தின் எலும்பும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு நாலு கிராம் கால்சியம் தீவனத்தில் போக வேண்டும், அதில் பாதிதான் ஓடாகும். ஓடு கட்ட இருபது மணி நேரம் பிடிக்கும், பெரும்பகுதி இரவில். அதனால் கிளிஞ்சலைத் தூளாக்காமல் பொடிக்கல்லாகவே சாயங்காலத் தீவனத்தில் போடுவார்கள். அது வயிற்றில் மெல்லக் கரைந்து ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். நான் டோசிங் பம்ப்பில் செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

நான் போட்டது அச்சு அசலாகச் சுண்ணாம்புதான். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுப்பது. பவளக்காரர்கள் இதைக் கால்க்வாசர் என்று ஜெர்மன் பெயரில் அழைப்பார்கள். பொருள், சுண்ணாம்புத் தண்ணீர். பள்ளியில் ஊதுகுழாயால் ஊதிப் பால் நிறமாக்கிய அதே தண்ணீர். அம்மாயியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பின் தம்பி. லிட்டருக்கு 1.7 கிராமுக்கு மேல் கரையாது. ஆகவே இரண்டு கிராம் கால்சியம் தர இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாக வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு நாளில் ஆவியாகிப் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆவியான தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டவிட்டால் இரண்டு கணக்கும் நேராகிவிடும். காரம் அதிகம் என்பதால் சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் இவ்வளவுக்கு மேல் போகாதே என்று பம்ப்புக்கு ஒரு வரம்பு எழுதி வைத்திருந்தேன். நான் எழுதியதிலேயே சின்ன நிரல் அது. அதிக உயிர்கள் அதை நம்பியிருந்தன.

கால்சியமும் கார்பனேட்டும் ஒரே தண்ணீரில் இவ்வளவு இருந்தும் ஏன் தானாகவே சேர்ந்து வெள்ளைப் பொடியாக விழுந்துவிடுவதில்லை? காரணம் மக்னீசியம். கடல்நீரில் அது லிட்டருக்கு 1,300 மில்லிகிராம், கால்சியத்தைப்போல மூன்று மடங்கு. புதிதாக முளைக்கும் சுண்ணாம்புப் படிகத்தின் மேல் போய் உட்கார்ந்து அதை வளரவிடாமல் செய்கிறது. மக்னீசியம் குறைந்த தொட்டியில் எவ்வளவு கால்சியம் போட்டாலும் பம்ப்பிலும் ஹீட்டரிலும் கல்லாகப் படியுமே தவிர பவளத்துக்குப் போய்ச் சேராது. சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரியும் குன்றுகள் இந்த மக்னீசியத்தின் கல்தான். வெள்ளைக்காரர்கள் அதற்குச் சாக் ஹில்ஸ் என்று பேர் வைத்தார்கள். அங்கே சாக் கிடையாது, இருப்பது மேக்னசைட். சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்த குன்று என்ன செய்யும் என்பது எனக்குக் கடல்தொட்டியில்தான் தெரிந்தது.

ஊர் திரும்ப முடிவானபோது பவளங்களைப் பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். இங்கே வந்ததும் சேலத்து நண்பன் கேட்டான், "ஏண்டா, இங்கயே ஒண்ணு வெச்சுரலாமே, சொன்னா எங்கிருந்தாவது பவளம் புடிச்சுத் தர ஆளிருக்கு." தண்ணீர் பிரச்சினை இல்லை, ஆர்ஓ இருக்கிறது. உப்பும் வாங்கலாம். சட்டம் இருக்கிறது. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை.

அந்தச் சட்டம் வந்த காரணம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டு. 1986இலேயே அது கடல்வாழ் தேசியப் பூங்கா. இருந்தும் திட்டை உடைத்துக் கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்புச் சூளைக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பவளம் தண்ணீரிலிருந்து ஒவ்வொரு துளியாகச் சேர்த்ததைச் சுட்டால் கிடைப்பது, நான் அதற்கு ஊட்டிக்கொண்டிருந்த அதே சுண்ணாம்பு. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற திட்டு போனால் மணல் தீவு நிற்காது.

வெட்டுவது நின்றுபோனது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனம் சிதைந்த இடங்களில் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி நட்டுவருகிறது. நட்ட பிறகு அங்கே யாரும் கால்சியம் ஊற்றுவதில்லை, சொட்டு எண்ணுவதில்லை. சாப்பாடு தண்ணீரிலேயே இருக்கிறது. பவளத்தின் மூன்றாவது உணவைக் கடல் கேட்காமலே பரிமாறுகிறது.

கடலால் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாதது சூடு. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடும். சதை வழியே வெள்ளை எலும்பு தெரியும். வெளிச்சம் இருக்கும், இரையும் இருக்கும், கால்சியமும் இருக்கும். ஆனால் சர்க்கரை செய்கிற ஆள் இல்லாமல் பவளம் பட்டினியில் கிடக்கும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. என் தொட்டியில் சில்லர் இருந்தது, 26 டிகிரியில் நிறுத்தி வைத்தேன். தீவுக்கு யார் சில்லர் வைப்பது?

சூட்டின் கதை அப்பாவுக்கும் தெரியும். சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு வெளியே போய்விடும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்து முட்டை ஓடு மெலிந்துவிடும், லாரியில் ஏற்றும்போதே உடையும். அதற்குச் சோடா உப்பைத் தீவனத்தில் கலப்பார்கள், கூரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பவளத்தொட்டியில் காரத்தன்மை இறங்கினால் நாங்களும் அதே சோடா உப்பைத்தான் கரைத்து ஊற்றுவோம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கால்சியத்தை எவ்வளவு வேணாலும் கொட்டலாம் கண்ணு, சூடு ஏறிப்போச்சுன்னா உள்ள போனது ஓடாகாது" என்றார்.

தொட்டி இப்போது இல்லை. தூத்துக்குடிக்குப் போய் மரியாதையாகத் தள்ளி நின்று கடலைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று இருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது சோதனைக் குப்பிகள் மட்டும். பண்ணையின் போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம். மூன்று போரில் நடுவில் இருக்கும் போர்தான் கோழி குடிக்கும் நிப்பிள்களில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது என்று தெரிந்தது. இந்த வாரம் அப்பா அந்த போரின் மோட்டாரை நிறுத்திவிட்டு, காலையில் அவரே குப்பியைப் பிடித்துச் சொட்டு எண்ணுகிறார்.