பயணத்திற்கு முன்

பயணம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், வண்டியில் ஏறும்போது என்றே பலரும் விடை கூறுவர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், என் குடும்பத்தாருடன் ஒரு வாரம் சிங்கப்பூர் சென்று வந்தேன். அந்தப் பயணம் விமானத்தில் தொடங்கவில்லை. புறப்படுவதற்கு நான்கு திங்களுக்கு முன்பே, தஞ்சையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பாதி எழுதப்பட்ட ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு அது தொடங்கிவிட்டது.

அந்த நோட்டுப் புத்தகத்தின் கதையைக் கூறுமுன், அதற்கு முந்திய ஆண்டில் நான் செய்த பிழை ஒன்றைக் கூறுதல் வேண்டும். விடுமுறையில் மூன்று நாள் மைசூருக்குச் சென்றோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, மகனுக்கு மூன்று. மூன்று நாள்களில் பதினொரு இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் உறுதி பூண்டிருந்தேன். அரண்மனை, சாமுண்டி மலை, விலங்குக் காட்சிச் சாலை, பிருந்தாவனம், சீரங்கப்பட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடினோம். மூன்றாம் நாள் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மகளோ சாலையோரத்திலேயே உட்கார்ந்து, "இனி நடக்கமாட்டேன்" என்று அழுதாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன். பள்ளி திறந்ததும், "மைசூரில் என்ன பார்த்தாய்?" என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். "பேருந்தின் சன்னலைப் பார்த்தேன்" என்று அவள் விடையளித்தாளாம். பிறர் கேட்டுச் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உண்மையைத்தான் கூறியிருந்தாள்.

அடுத்த ஆண்டு அயல்நாடு ஒன்றைக் காணலாம் என்ற எண்ணம் எழுந்தது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஓரளவு இருந்தது. சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணங்கள் பல. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் விமானம் அங்கே சென்றுவிடும். சிறு குழந்தைகள் அதற்குமேல் ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் அரிது. அங்குள்ள நான்கு ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. நம் நாட்டு உணவு அங்கே எளிதில் கிடைக்கும். குழாயில் வரும் நீரையே அஞ்சாமல் பருகலாம்.

நான் ஒரே இரவில் திட்டம் தீட்டி முடித்தேன். ஏழு நாள்களுக்கு இருபத்து மூன்று இடங்கள்! பெருமையுடன் அதை என் மனைவியிடம் காட்டினேன். அவள் முழுவதும் படித்தாள். பிறகு அமைதியாக, "இதில் பிள்ளைகள் தூங்கும் நேரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?" என்று கேட்டாள். மைசூர் என் நினைவிற்கு வந்தது. நான் அத்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் ஒரு வழி கூறினாள். நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவது. ஒவ்வொருவரும் தாம் மிகவும் விரும்புவதை அதில் எழுதுவது. அதன் பிறகே திட்டம் வகுப்பது. மகள், "ஒட்டகச்சிவிங்கி, இரண்டு அடுக்குப் பேருந்தில் மேல்தளத்து முன் இருக்கை" என்று எழுதினாள். எழுதத் தெரியாத மகன் ஒரு தொடர்வண்டியையும், அதன் கீழ் ஒரு குவியலையும் வரைந்தான். குவியல் என்னவென்று கேட்டோம், "மணல்" என்றான். மனைவி பூந்தோட்டம் வேண்டும் என்று எழுதினாள். நான் அருங்காட்சியகத்தை எழுதினேன். என் தாயார் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"எனக்கு என்ன தம்பி வேண்டும்? நீங்கள் நால்வரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்" என்றார் அம்மா. அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. உண்மையைக் கூறினால், அந்தச் சொல் எனக்கு ஆறுதலாகவே இருந்தது. என்னிடம் இருந்த பணம் நால்வருக்கே போதுமானது.

இரண்டு நாள் கழித்து மகள் நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்தாள். "அப்பா, பாட்டியின் பக்கத்தில் நான் எழுதிவிட்டேன்" என்றாள். "தாத்தாவின் கப்பல் போய்ச் சேர்ந்த கடல்" என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது.

என் தாயாரின் தந்தையார் 1963ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்றவர். 'ரஜூலா' என்னும் கப்பலில் அவர் சென்றார். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், 1970களின் தொடக்கம் வரையில் தமிழ்நாட்டிற்கும் மலேயாவிற்கும் இடையே பல்லாயிரவரைச் சுமந்து சென்றது. கப்பல் கரையை ஒட்டி வராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் சென்றுதான் அதில் ஏற வேண்டும். ஏழு வயதுச் சிறுமியாகிய என் தாயார், படகு கண்ணுக்கு மறையும் வரை கரையில் நின்று கையசைத்தாராம். ஐந்தாண்டுகள் கழித்தே தந்தையார் திரும்பினார். அவர் சென்றடைந்த கரை எப்படி இருக்கும் என்று சிறு வயதில் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பாராம். இதை ஒருபோதும் அவர் என்னிடம் கூறியதில்லை. பேத்தி கேட்டாள்; கூறினார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் நானும் மனைவியும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? என் பட்டியலில், நுழைவுக் கட்டணம் மிகுந்த கேளிக்கை இடங்கள் சில இருந்தன. அவற்றை எந்தப் பிள்ளையும் தன் பக்கத்தில் எழுதவில்லை. விளம்பரத்தைப் பார்த்து நானே சேர்த்தவை. அவற்றை அடித்தோம். நீச்சல் குளம் உள்ள பெரிய விடுதிக்கு மாறாக, சிராங்கூன் சாலைக்கு அருகே, தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், எளிய விடுதி ஒன்றைத் தேர்ந்தோம். இருபத்து மூன்று இடங்கள் ஏழாகச் சுருங்கின. ஐந்தாவது பயணச்சீட்டிற்குப் பணம் கிடைத்தது. அம்மாவிடம் கூறியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, "செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே சென்றார்.

அதன்பின் செய்த வேலைகள் பல. கடவுச்சீட்டு, பயணம் செய்யும் நாளிலிருந்து ஆறு திங்களேனும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தேன், என்னுடையதே நான்கு திங்களில் முடிவதாக இருந்தது! மற்றவர்களுக்கு அறிவுரை கூறிக்கொண்டிருந்த நானே முதலில் ஓட வேண்டியதாயிற்று. இந்தியர் அந்நாட்டிற்குள் செல்ல விசா என்னும் நுழைவு அனுமதியும் தேவை. அங்கே சென்றடைவதற்கு முந்திய மூன்று நாளுக்குள், வருகைக் குறிப்பினைக் கணினி வழியே அனுப்பவும் வேண்டும்.

காலக் கணக்கும் பார்த்தோம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி முற்பட்டது. நம் வீட்டில் காலை ஆறரை மணிக்கு எழும் குழந்தைக்கு, அங்கே அது ஒன்பது மணி. ஆகவே, முதல் இரண்டு நாள்களில் காலையில் எந்த வேலையும் வைக்கவில்லை. நிலநடுக்கோட்டிற்கு மிக அண்மையில் உள்ள நகரமாதலின் வெயிலும் புழுக்கமும் ஆண்டு முழுவதும் உண்டு. பிற்பகலில் திடீரென்று மழை கொட்டுவதும் உண்டு. திறந்த வெளி இடங்களைக் காலையிலும், கூரையுள்ள இடங்களைப் பிற்பகலிலும் வைத்தோம்.

என்னிடம் இருந்த பழைய வழிகாட்டி நூலில், ஜூரோங் என்னுமிடத்தில் பறவைப் பூங்கா இருப்பதாக எழுதியிருந்தது. மனைவி ஐயுற்றுத் தேடிப் பார்த்தாள். 1971இல் திறக்கப்பட்ட அப்பூங்கா 2023 சனவரியில் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய் என்னுமிடத்தில் அமைந்த புதிய பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டுவிட்டன. நூலை மட்டும் நம்பியிருந்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு பூட்டிய கதவின்முன் நின்றிருப்போம்.

ஒரு செய்தியில் மட்டும் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. ஐந்தாம் நாளை முற்றிலும் வெறுமையாக விட வேண்டும் என்றாள் மனைவி. "இவ்வளவு பணம் செலவிட்டுச் சென்று, அங்கே சும்மா இருப்பதா?" என்று நான் கேட்டேன். அவள் வாயிற்கதவைக் காட்டினாள். "தச்சர் கதவைச் செய்யும்போது நிலைக்கும் கதவிற்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டார். ஏன்? மழைக்காலத்தில் மரம் ஊதும். இடைவெளி இல்லாவிட்டால் கதவு திறக்காது" என்றாள். நான் வாதத்தை நிறுத்திக்கொண்டேன்.

புறப்படும் முன்நாள், ஒவ்வொரு குழந்தையின் சட்டைப்பையிலும் விடுதியின் முகவரியும் எங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை வைத்தோம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அங்குமிங்கும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று பழக்கினோம். தொடர்வண்டியில் உண்ணுதலும் பருகுதலும் அந்நாட்டில் தண்டத்திற்குரிய குற்றம் என்பதையும் சொல்லி வைத்தோம். பிறர் நாட்டிற்குச் செல்பவர் அந்நாட்டின் ஒழுங்கை முன்னரே அறிந்து செல்லுதல் கடமை அன்றோ?

திட்டமிட்டபடி எல்லாம் நடந்தனவா என்றால், இல்லை. முதல் இரண்டு நாள்களில் பேருந்தின் மேல்தளத்தில் அமர்ந்து நகரைச் சுற்றினோம். சாலையோரப் பலகை ஒன்றில் மற்ற மூன்று மொழிகளுக்கு நடுவே தமிழைக் கண்டதும், மகள் உரக்கப் படித்து, "நம் எழுத்து!" என்று துள்ளினாள். மூன்றாம் நாள் விலங்குக் காட்சிச் சாலையில் ஒட்டகச்சிவிங்கியைக் கண்டு களித்தோம். நான்காம் நாள் காலையில் மகனுக்கு உடம்பு சுட்டது. அன்று அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டிய நாள். மைசூரில் செய்தது போல அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பவில்லை. நாள் முழுவதும் அறையிலேயே இருந்தோம். கஞ்சியும் மருந்தும் உறக்கமும் அவனைத் தேற்றின. இழந்த அருங்காட்சியகம் வெறுமையாக விட்டிருந்த ஐந்தாம் நாளில் வந்து பொருந்திக்கொண்டது. மரம் ஊதிற்று, கதவு திறந்தது.

ஆறாம் நாள் காலை கிழக்குக் கடற்கரைப் பூங்காவிற்குச் சென்றோம். மகன் ஓடிச்சென்று மணலில் அமர்ந்தான். தொலைவில், கண்ணுக்கு எட்டிய மட்டும், கப்பல்கள் நங்கூரமிட்டு வரிசையாக நின்றன. அம்மா நீர் விளிம்பில் போய் நின்றார். அவர் நெடுநேரம் திரும்பவில்லை. மகள் அருகே சென்று, "பாட்டி, தாத்தா கப்பலும் இப்படித்தான் நின்றதா?" என்று கேட்டாள். "ஆம், இப்படித்தான். அன்று நான் அந்தக் கரையில் நின்றேன், இன்று இந்தக் கரையில் நிற்கிறேன்" என்றார். நான் அடித்த கேளிக்கை இடங்கள் எத்தனை என்பது எனக்கு அப்போது நினைவிற்கு வரவில்லை.

கடைசி நாள் தாவரவியல் பூங்காவிற்குச் சென்றோம். 1859இல் தோற்றுவிக்கப்பட்டு, 2015இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இடம் அது. அதனுள்ளே சிறுவர்க்கென்று ஒரு தனித் தோட்டம் உண்டு. அதன் வாயிலில் ஒரு விதி இருந்தது. குழந்தையை உடன் அழைத்து வராத பெரியவர் உள்ளே செல்ல இயலாது! மகள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். "அப்பா, எங்களால்தான் உங்களுக்கு இங்கே அனுமதி" என்று கூறி, ஒரு கையால் என் கையையும் மறு கையால் பாட்டியின் கையையும் பற்றி உள்ளே அழைத்துச் சென்றாள்.

நான் பிள்ளைகளை உலகம் காட்ட அழைத்துச் செல்வதாக எண்ணியிருந்தேன். அவர்களோடு நடந்தமையால் அல்லவா நான் மெல்ல நடந்தேன்? மெல்ல நடந்தமையால் அல்லவா என் தாயின் உள்ளத்தையும் கண்டேன்? திட்டம் வேண்டும், திட்டமின்றிச் செல்வது அறியாமை. ஆனால், எத்தனை இடம் என்று எண்ணத் தொடங்குமுன், யார் யார் வருகின்றனர், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து வகுப்பதே திட்டம்.

பள்ளி திறந்ததும் மகளின் ஆசிரியர் இவ்வாண்டும் அதே வினாவைக் கேட்டாராம். இம்முறை அவள் விடை கூறி முடிக்க ஒரு பாடவேளை போதவில்லையாம்.