பின்னுக்கு இருக்கிற மூன்று பிளக்குகள்

எங்கட வான் 190,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. ஏற்றத்தில் இழுக்கேக்கை ஒரு நடுக்கம். ஆறு ஸ்பார்க் பிளக்கும் மாத்த 600 டொலர் என்றார் கராஜ்காரர். எனக்கு அது கிட்டத்தட்ட ஒரு கிழமைச் சம்பளம். நானே செய்வம் என்று சனிக்கிழமை காலமை, இஞ்சின் ஆறிக் கிடக்கத் தொடங்கினேன்.

முன்னுக்கு இருந்த மூன்றும் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மற்ற மூன்றும் இஞ்சினுக்குப் பின்னால், இன்ரேக் மனிபோல்டுக்குக் கீழே. அதைக் கழற்றி, துவாரங்களைத் துணியால் அடைத்துவிட்டு, குனிந்தபடி நிற்கேக்கை ஊர் ஞாபகம் வந்தது.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. அப்பா எங்கட ஒஸ்ரின் ஏ40 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்டுவது என்ர வேலை. "முதல் விரலால திருகு. இறுகினா நிப்பாட்டு. பிறகுதான் சாவி" என்பார்.

ஐந்தாவது பிளக் இரண்டு சுற்றிலேயே இறுகியது. சரியான களைப்பு. சாவியைப் போட்டு ஒரு இழுவை இழுத்தால் முடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் ஹெட் அலுமினியம். புரி பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில். நிப்பாட்டினேன். பிளக்கை வெளியில் எடுத்து, மேல்முனையில் றப்பர் குழாயைச் செருகி, முதலில் எதிர்ப்பக்கம் சுற்றினேன். 'டக்' என்று விழுந்தது. பிறகு திருக, லேசாகப் போனது.

பின்னேரம் மகன், "ஆரப்பா பழக்கினது?" என்றான்.

"உன்ர அப்பப்பா."

அவன் அவரைக் கண்டதில்லை. "அவர் எப்பிடி இருப்பார்?" என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான்.