மூன்றாவது விடியல்

கார்த்திகை பாதி. விடியற்காலை நாலரை மணிக்கு மரக்காணம் உப்பளத்து வரப்பில் நிற்கிறேன். பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கின்றன. கீற்று போர்த்திய உப்பு அம்பாரங்கள் மட்டும் கறுப்பாய்த் தெரிகின்றன. "இப்ப என்னா சார் இருக்கு பாக்க? தை பொறந்தாத்தான் பாத்தி மிதிப்போம்" என்றார் காவலுக்கு இருந்த பெரியவர். நட்சத்திரம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். தென்கிழக்கே கைகாட்டி, "அந்தப் பக்கம்தான் மேகம் வரும்" என்றார்.

அதே திசையைத்தான் 1872 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் பார்த்துக் காத்திருந்தார். 6.6 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவந்த பியேலா வால்நட்சத்திரம் 1846-இல் இரண்டாக உடைந்தது. 1852-இல் இரண்டு துண்டுகளும் வந்தன, பிறகு காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு அதன் பாதையைப் பூமி கடந்தபோது எரிகற்கள் மழையாய்க் கொட்டின. அவை ஆண்ட்ரோமெடா பக்கமிருந்து வந்தன. அப்படியானால் பூமியை உரசிப்போன வால்நட்சத்திரம் நேர் எதிர்ப்பக்கம், செண்டாரஸ் மண்டலத்துத் தீட்டா நட்சத்திரத்தருகே இருக்க வேண்டும். இப்படிக் கணித்து, ஜெர்மனியின் கொட்டிங்கனிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் சென்னைக்குத் தந்தி கொடுத்தார். அவர் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே தவழும். நம் கரையில் நன்றாக மேலே வரும்.

இரண்டு விடியல் மேகமும் மழையும். அடுத்த நாள் ஐந்தரை மணிவாக்கில் மேகம் சற்றே விலக, வட்டமாய், நடுவில் பிரகாசமாய் ஒரு மங்கல் ஒளி கிடைத்தது. மறுநாள் இன்னும் தெளிவு. சிறு வாலும் தெரிந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி மழை. அவ்வளவுதான்.

எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது. ஒரு சுற்றுப்பாதையைக் கணக்கிட, குறைந்தது மூன்று வேளை இடம் குறித்தாக வேண்டும். போக்சனுக்குக் கிடைத்தவை இரண்டே விடியல்கள்.

ஐந்து மணிக்கு மேகத்தின் கிழிசலில் தீட்டா கண்ணில் பட்டது. பாத்தித் தண்ணீரிலும் ஒரு புள்ளி நடுங்கியது. பெரியவருக்குக் காட்டினேன். அவர் பார்த்து முடிப்பதற்குள் மூடிக்கொண்டது.

போக்சன் கண்டது பியேலா அல்ல, அந்த இடத்தில் அது இருந்திருக்க முடியாது என்று பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் அது எது? பாதை தெரியாத வால்நட்சத்திரங்களுக்கு வானியலாளர்கள் எக்ஸ் என்ற எழுத்தை முன்னால் போடுகிறார்கள். சென்னையில் கண்டது இன்றும் எக்ஸ்/1872 எக்ஸ்1.