ஒரே நாள் என்றார்கள்

எனக்கு 27 வயசு. கிருலப்பனையில் இருந்து ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் மாநகர சபைக்கும் வாக்குப் போட்டாச்சு. மாகாண சபைக்கு மட்டும் இன்னும் இல்லை. மேல் மாகாணத்தின் கடைசித் தேர்தல் 2014 மார்ச்சில். அப்ப நான் பள்ளிக்கூடம்.

2017இல் ஒன்பது மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைக்க 20ஆவது திருத்தச் சட்டமூலம் வந்தது. சர்வஜன வாக்கெடுப்பு வேணும் என்றது உயர் நீதிமன்றம். உடனே வேறொரு சட்டத்தால் தேர்தல் முறையையே மாற்றினார்கள். புது முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழசும் போச்சு, புதுசும் இல்லை. இப்ப ஆளுநர்தான் எல்லாம்.

"ஒரே நாளில வச்சா செலவு மிச்சம்தானே" என்பார் அப்பா. மிச்சம்தான், தேர்தலே இல்லையே! மேல் மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாணம். பஸ் வராவிட்டால் நான் ஆரிட்டக் கேக்கிறது?