அக்கா மகளும் ஒரு பயஸ் கட் கவுனும்

போன வாரம் அக்கா மகள் போன் பண்ணினாள். ஃபேஷன் டிசைன் படிப்பு முடித்து இரண்டு மாசம் ஆகிறது. "மாமா, என்னோட போர்ட்ஃபோலியோவ நெட்ல போட்டிருக்கேனுங்க. பார்த்துட்டு உள்ளதச் சொல்லுங்க. நல்லாருக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா கோவிச்சுக்குவேன்" என்றாள். திருப்பூரில் பதினெட்டு வருஷமாக மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிறேன். அந்த ஒரு தகுதிதான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, படமெல்லாம் அசத்தல். ஆனால் அத்தனையும் முன்பக்கம்தான். முதுகுப்பக்கம் எப்படி, ஜிப் எங்கே வருகிறது, உள்தையல் என்ன, ஒரு படம் கூட இல்லை. வேலைக்கு எடுக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். டெக் பேக்கும் இல்லை. (என்ன துணி, எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர், என்ன தையல் என்று எழுதிக் கொடுப்போமே, அது. அது இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு சாம்பிள் நகராது.) எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த கவுன். இளநீல சாட்டின், பயஸ் கட். துணியை நேராக வைக்காமல் 45 டிகிரி சாய்த்து வெட்டுவது. உடம்போடு அழகாக வழிந்து விழும், ஆனால் வேலை வாங்கிவிடும். 1920களில் பாரீஸில் மடலென் வியோனே என்ற அம்மா சின்ன மரபொம்மை மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து இந்த வெட்டைப் பிரபலமாக்கினார். அவர் பேரையும் மறக்காமல் எழுதியிருந்தாள்.

மறுநாள் போனில் கேட்டேன். "கீழ் மடிப்பு சுத்தி ஒரே மட்டமா நிக்குதே கண்ணு, மடிக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் தொங்கப்போட்டே?"

பயஸில் வெட்டின துணி தன் கனத்திலேயே இறங்கும், ஒரு இடத்தில் கூட, ஒரு இடத்தில் குறைய. தொங்கவிட்டு, இறங்கின பிறகுதான் மட்டம் பார்த்து மடிக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது... டெய்லர் மாஸ்டர் தச்சதுங்க மாமா. வரைஞ்சதும் துணி எடுத்ததும் நானு. எங்க கிளாஸ்ல பாதிப்பேர் வெளியதான் குடுத்தாங்க."

கவுனுக்குக் கீழே 'வடிவமைப்பு, வெட்டு, தையல்' மூன்றுக்கும் அவள் பேர்தான் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கப்பா, அதாவது அவளுடைய தாத்தா, கட்டிங் மாஸ்டர். தீபாவளி சமயத்தில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கத்தரி சத்தம் கேட்கும். ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகளின் கல்யாணக் கோட்டு அவர் வெட்டியது. காலரில் இருந்ததெல்லாம் முதலாளியின் கடைப் பேர். அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. எனக்குத்தான் குறை.

திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. யோசித்தால், பதினெட்டு வருஷத்தில் நான் அனுப்பின சாம்பிள்களில் எந்த டெய்லரின் பேரை எழுதியிருக்கிறேன்? ஒண்ணுகூட இல்லை. திட்டவில்லை.

"இன்டர்வியூல இதே கேள்வியக் கேட்டா முழிப்பே. மாஸ்டர் பக்கத்துல போய் உட்கார்ந்து, பயஸ்ல ஒரு பாவாடையாவது நீயே வெட்டித் தச்சிரு கண்ணு. கோணலா வந்தாலும் அந்தப் படத்தப் போடு. கவுனுக்கு அவர் பேரப் போடு" என்றேன்.

நேற்று திரும்பப் பார்த்தேன். தையல் என்ற இடத்தில் மாஸ்டர் பேர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பருத்திப் பாவாடை, இடப்பக்கம் ஒரு இன்ச் இறங்கிப் போய். ஒரு நாள்கூடத் தொங்கவிடவில்லை போலிருக்கு, அவசரக் குடுக்கை.

அவள் பாக்கி தீர்ந்தது. என் பாக்கிதான் இன்னும் நிற்கிறது.