தண்டனையின் நினைவும் தன்வரலாறும்

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி இலக்கிய வாசிப்பிற்குள்ளும் ஓசையின்றி நுழைந்துவிடுவதுண்டு. கண்டிப்பான தந்தை, அடிபட்ட பிள்ளை, பின்னாளில் பேரெழுத்தாளர் என மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, அந்தக் கண்டிப்பே கலைக்கு வித்திட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால், மூலநூல்கள் அத்தகைய முடிவுக்கு இடந்தருவதில்லை.

மக்சீம் கார்க்கியின் ‘எனது குழந்தைப் பருவம்’ 1913–14ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. தந்தையை இழந்த சிறுவன் அல்யோஷா, சாயப்பட்டறை நடத்தும் தாத்தாவின் வீட்டில் வளர்கிறான். பண்டிகைக்கு விரிக்கும் வெள்ளை மேசைவிரிப்பைச் சாயத்தில் நனைத்ததற்காக, நினைவிழக்கும்வரை தாத்தா அவனைப் பிரம்பால் அடிக்கிறார். பிறகு நோயுற்றுக் கிடக்கும் பேரனிடம் தின்பண்டங்களோடு வந்து, தாம் பட்ட அடிகளையும், இளமையில் வோல்கா ஆற்றங்கரையில் படகிழுத்துப் பிழைத்த கதையையும் சொல்கிறார். அடித்த கையும் ஒருகாலத்தில் அடிபட்ட உடலுக்குரியதே என்பதைக் கார்க்கி மறைக்கவில்லை. அதற்காக அடியை நியாயப்படுத்தவும் இல்லை. பிரம்பின் வேகத்தைத் தடுக்கத் தன் கையைக் குறுக்கே நீட்டித் தழும்பேற்ற பட்டறைத் தொழிலாளி சிகானோக்கும், கதைகளைச் சொல்லி அவனை வளர்த்த பாட்டியும் அதே நூலில் இருக்கிறார்கள். கார்க்கியின் எழுத்துக்கு ஊற்றுக்கண் தேடுவோர் பிரம்பிடம் மட்டும் நின்றுவிடுவது நேர்மையான வாசிப்பாகாது.

அடியே விழாத கொடுமையும் உண்டு. பிரான்ஸ் காஃப்கா 1919ஆம் ஆண்டு நவம்பரில், தமது 36ஆம் வயதில், தந்தைக்கு நீண்ட கடிதமொன்று எழுதினார். தந்தை தம்மை உண்மையில் அடித்தது மிக அரிது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கத்தலும், சிவந்தேறும் முகமும், கால்சட்டை வார்களைக் கழற்றி நாற்காலியின் முதுகில் தயாராகப் போட்டுவைக்கும் செயலுமே அவருக்கு அடியினும் கொடியவையாக இருந்தன. இரவில் தண்ணீர் கேட்டு அழுத சிறுவனைத் தந்தை தூக்கிச் சென்று, வெளித்தாழ்வாரத்தில் தனியே நிறுத்திக் கதவைச் சாத்திய நிகழ்ச்சியும் அக்கடிதத்தில் உண்டு. பிள்ளை அதன்பின் பணிந்துதான் போனான். ஆயினும், தண்ணீர் கேட்டதற்கும் வெளியே தள்ளப்பட்டதற்கும் இடையே என்ன தொடர்பு என்பது அவனுக்கு விளங்கவேயில்லை. விளங்காத அந்தத் தண்டனையே வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. கடிதமோ தந்தையின் கையைச் சேரவே இல்லை.

இவற்றோடு காந்தியின் ‘சத்திய சோதனை’யை வைத்துப் பார்த்தல் தகும். அண்ணனின் கடனை அடைப்பதற்காக, அவருடைய காப்பிலிருந்து சிறிதளவு பொன்னைத் திருடியபோது காந்திக்கு வயது 15. குற்றத்தை எழுதி, தண்டனையும் வேண்டி, நோயுற்றிருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. சற்று நேரம் கண்களை மூடியிருந்து, தாளைக் கிழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பிரம்பும் இல்லை, ஒரு சுடுசொல்லும் இல்லை. ஆயினும், ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்துத் தன்வரலாறு எழுதியபோது அக்காட்சி மங்காமல் நின்றது. குழந்தையின் உள்ளத்தில் ஆழப் பதிவதற்கு வன்முறை தேவை என்னும் வாதம் இந்த ஒரு பக்கத்தின் முன் தளர்ந்துபோகிறது.

தன்வரலாறு, தீர்ப்பு வழங்கப்பட்ட பின் பல்லாண்டு கழித்துக் குழந்தை அளிக்கும் வாக்குமூலம். தண்டனை நிகழ்ந்த நாளில் பேச உரிமையற்றிருந்த ஒருவர், மொழி கைவந்தபின் அந்நாளுக்குத் திரும்பிச் செல்கிறார். அவ்வாறு திரும்ப முடிந்தவர்கள் மிகச் சிலரே. அதே அடிகளைப் பட்டு, எழுதாமலே மறைந்த எண்ணற்றோரின் குழந்தைப் பருவம் எந்த நூலகத்திலும் இல்லை. எழுதியோரை மட்டும் எண்ணிக் கண்டிப்பின் பயனைக் கணக்கிடும் ஆய்வு, இந்த இன்மையை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.